முந்நூறு பிரதிகளும் ஒரு வாசகியும்

புத்தகம் எழுதுவது உட்கார்ந்து செய்யும் வேலை. எழுதியதை நாலு பேரிடம் சொல்வது நின்றுகொண்டு செய்யும் வேலை, அதுவும் அடுத்தவர் வாசலில். சொந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாட்ஸ்ஆப் குழுவிலும் முகநூல் குழுவிலும் வாய் திறக்கக் கூச்சப்பட்டு நிற்கிறீர்களே, உங்களில் ஒருத்தியாகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் மயிலாத்தாள். எட்டாவது வரை படித்தேன். பெரியநாயக்கன்பாளையத்தில் தண்ணீர் மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றின் வைண்டிங் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை. பெண்கள் செப்புக் கம்பியை மெஷினில் சுற்றிக் காயில் என்கிற கம்பிச் சுருளைச் செய்வார்கள். பத்துக்கு ஒன்றை எடுத்துச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு காயிலுக்கு எழுபத்திரண்டு சுற்று. சுற்றை எண்ண மெஷினிலேயே மீட்டர் உண்டு. ஆனாலும் நான் வாய்க்குள் எண்ணுவேன். இன்றைக்கும் மாடிப்படியை எண்ணாமல் ஏற வராது.

ஓய்வு பெற்ற பிறகு எழுதிய புத்தகத்தின் பெயர் ‘நாலு சுற்று குறைவு’. பதினான்கு அத்தியாயம், முந்நூறு பிரதி. அதில் பதினோராம் அத்தியாயம் ருக்குமணியைப் பற்றியது. அவள் பெயரைப் போடவில்லை. ‘ஏழாம் மெஷின்காரி’ என்று கதை போலத்தான் எழுதியிருக்கிறேன். ஒரு தடவை அவள் சுற்றிய காயில் வைத்த மோட்டார்கள் கருகித் திரும்பி வந்தன. பிரித்து எண்ணினால் நாலு சுற்று குறைவு. “அவளுக்கு வேலையில் கவனம் பத்தாது” என்று சூப்பர்வைசரிடம் சொன்னவள் நான். அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். பதினைந்தாம் நாள் வேலையை விட்டுப் போய்விட்டாள். அதற்கடுத்த வாரம் அந்த மெஷினில் நானே உட்கார நேர்ந்தது. மீட்டர் எழுபத்திரண்டு காட்டியபோது என் வாயில் அறுபத்தெட்டுதான் வந்திருந்தது. மீட்டருக்குள் பல்சக்கரம் தேய்ந்திருந்தது. அதை மாற்றச் சொன்னேன். தப்பு அவளுடையது இல்லை என்று சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லவில்லை.

இது நடந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. ருக்குமணி கல்யாணமாகி உடுமலைப்பேட்டைப் பக்கம் போனதாகக் கேள்வி. அதற்கு மேல் தெரியாது. தேடிப்போய் நேரில் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. ஆனால் அவள் கடலை மடித்த காகிதத்தைக்கூட விரித்துப் படிப்பவள். வாசிக்கிறவர்கள் கூடுகிற இடத்தில் எங்காவது இருப்பாள், புத்தகம் அவள் கையில் போய்ச் சேர்ந்தால் போதும் என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன்.

ஐந்தாம் விதி

மருமகள் கவிதா என்னை ஒரு வாட்ஸ்ஆப் வாசகர் குழுவில் சேர்த்துவிட்டாள். என்னையும் சேர்த்து இருநூற்று நாற்பத்து மூன்று பேர். பெருந்துறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செந்தில் அதற்கு நிர்வாகி. விதிகள் ஒன்பது. ஐந்தாவது விதி: சொந்தப் புத்தகத்தைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஒரே ஒரு பதிவு. மற்றவர்களுக்கு அது கட்டுப்பாடாகத் தெரிந்தது. எனக்கு அது பெரிய ஆறுதல். வாரத்தில் ஆறு நாள் பயப்பட வேண்டியதில்லை.

மூன்று ஞாயிறு பேசாமல் இருந்துவிட்டு, நாலாவது ஞாயிறு ஒன்றரை மணி நேரம் யோசித்து இரண்டு வரி எழுதினேன். “நானும் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறேன். தொந்தரவுக்கு மன்னிக்கவும்.” அட்டைப்படம் இல்லை, புத்தகத்தின் பெயர் இல்லை, எங்கே கிடைக்கும் என்றும் இல்லை. அனுப்பிவிட்டுப் போனை அரிசி டப்பா மேல் கவிழ்த்து வைத்தேன். மத்தியானம் எடுத்துப் பார்த்தால் ஒரே ஒரு பதில், முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து:

“எதுக்குங்க மன்னிப்பு? அத்தன மோசமாவா எழுதியிருக்கீங்க?”

தனித்தனியாகச் சொன்னது

எங்கள் பக்கத்தில் பொதுவில் சொன்னால் அது சொன்னதாகாது. வீட்டில் ஒரு விசேஷம் என்றால் வாசல் வாசலாகப் போய், பெரியவரில் தொடங்கி ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ‘எங்களுக்குன்னு தனியாச் சொல்லலையே’ என்கிற குறை பத்து வருடம் நிற்கும். குழுவில் பொதுவாகப் போட்டதால்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை என்று எனக்குப் பட்டது. மறுநாள் காலையில் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதத் தொடங்கினேன். “ஏனுங்க, நல்லா இருக்கீங்களா? வீட்டில் எல்லாரும் சௌக்கியங்களா?” அவ்வளவுதான். எடுத்த எடுப்பில் புத்தகத்தைப் பற்றிப் பேசுவது மரியாதையாகாது; அவர்கள் பதில் சொன்ன பிறகு மெதுவாகச் சொல்லலாம் என்று இருந்தேன்.

எண்பத்தேழாவது ஆளோடு என் எண்ணை வாட்ஸ்ஆப் நிறுத்திவிட்டது. தெரியாதவர்களுக்கு மொத்தமாகச் செய்தி அனுப்பும் மோசடி ஆள் என்று நினைத்துவிட்டது போலிருக்கிறது. ஒரு நாள் முழுக்க யாருக்கும் பதில் எழுத முடியவில்லை. சாயங்காலம் செந்தில் கவிதாவின் போனுக்குக் கூப்பிட்டார்.

“அக்கா, எண்பது தொண்ணூறு பேரைச் சௌக்கியமான்னு கேட்டுப்போட்டு நீங்க காணாமப் போயிட்டீங்க. அக்காவுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு பாதிப் பேரு எனக்குப் போன் பண்றாங்க.”

முப்பத்தெட்டும் ஐந்தும்

எண் திரும்பக் கிடைத்ததும், என்னை நலம் விசாரித்தவர்களிடம் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். “வாங்கிக்கறேனுங்க” என்றவர்கள் முப்பத்தெட்டு பேர். “பார்க்கலாமுங்க” என்றவர்கள் பத்தொன்பது. பார்க்கலாம் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த அளவு விவரம் எனக்கு உண்டு. முப்பத்தெட்டைத் தனியாக எண்ணி எடுத்து, பழைய செய்தித்தாளில் சுற்றி, ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி அலமாரியில் வைத்தேன். ஒன்றரை மாதத்தில் கேட்டு வாங்கியவர்கள் ஐந்து பேர். முப்பத்து மூன்று பேரின் பெயர் எழுதிய காகிதத்தைப் பிரிக்கும்போது யார் மேலும் கோபம் வரவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. வயதான ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சொல்லும்போது அவள் மனம் நோகாமல் பதில் சொன்னார்கள், அவ்வளவுதான். அதே இடத்தில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

என் புத்தகத்தை வெளியிட்ட முருகேசன் கோவையில் சிறிய பதிப்பகம் நடத்துகிறவர். இந்தக் கணக்கை அவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு சொன்னார்:

“நம்மூர்ல ‘வாண்டாம்’னு மூஞ்சிக்கு நேரா சொல்ற பழக்கம் இருந்திருந்தா, அம்மா, என்ற குடோன்ல பாதி இடம் காலியா இருந்திருக்குமுங்க.”

இரண்டு நிமிடம்

முதல் அத்தியாயத்தை முழுதாகக் குழுவில் போட்டுப் பாருங்கள், பிடித்தவர்கள் வாங்குவார்கள் என்று செந்தில் யோசனை சொன்னார். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் போட்டேன். ஒன்பது இரண்டுக்குள் சிவப்பு இதயம் நாற்பத்தாறு. என் அத்தியாயத்தைப் படித்து முடிக்கப் பதினோரு நிமிடம் ஆகும். கவிதாவைப் படிக்கச் சொல்லிக் கடிகாரம் பார்த்திருக்கிறேன். இரண்டு நிமிடத்தில் படிக்கக்கூடியவர்கள் நாற்பத்தாறு பேர் இருக்கிறார்களா என்று குழுவிலேயே கேட்டுவிட்டேன். குத்திக்காட்டக் கேட்கவில்லை. எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அரை மணி நேரத்தில் இதயங்களில் மூன்று காணாமல் போயின. கடைசியில் ஒரு அம்மா பொறுமையாக விளக்கினார்:

“அது படிச்சதுக்குப் போடறது இல்லீங்க்கா. எழவு ஊட்டுக்குப் போனா தலையக் காட்டிப்போட்டு வர்றோமில்லீங்களா, அந்த மாதிரிதானுங்க.”

நூற்று இருபதாம் பக்கத்துக்கு அப்பால்

அப்புறம்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தக் குழுவில் எழுதுகிறவர்கள் மட்டும் இருபத்திரண்டு பேர். எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை அவரவர் புத்தகத்தைச் சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறு வரை காத்திருக்கிறார்கள். ஒருவர் புத்தகத்தை இன்னொருவர் படிப்பதாகத் தெரியவில்லை. நானும் அதுவரை யாருடையதையும் படிக்கவில்லை. ருக்குமணி இந்தக் குழுவில் இருந்தால் என்ன செய்வாள் என்று நினைத்துப் பார்த்தேன். படிப்பாள். வேறென்ன செய்வாள்?

என் புத்தகத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு அவர்கள் புத்தகங்களை வரவழைத்தேன். நாலு மாதத்தில் பதினாறு. ஒவ்வொன்றையும் கடைசிப் பக்கம் வரை படித்து, எந்தப் பக்கத்தில் எது பிடித்தது, எங்கே ஒரு ஆளின் பெயர் பாதியில் மாறிவிட்டது என்று குறித்து, குழுவில் எழுதினேன். காயிலைச் சரிபார்ப்பது போலத்தான். அதிகம் புகழத் தெரியாது. அந்த நாலு மாதத்தில், நான் கேட்காமலே என் புத்தகம் முப்பத்திரண்டு போனது. முன்பு போன ஐந்தையும் சேர்த்து முப்பத்தேழு. விளம்பரம் என்று நான் செய்ததில் உருப்படியானது இது ஒன்றுதான் என்று உங்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். நானூறு பக்க நாவல் எழுதிய ஒருவர் எனக்குப் போன் செய்து சொன்னார்:

“நூத்தியிருபதாம் பக்கத்தைத் தாண்டிப் போன மொத ஆளு நீங்கதானுங்க. எங்கூட்ல கூட இன்னும் அங்க போய்ச் சேரலீங்க.”

பக்கம் முப்பத்தொன்று

புத்தகங்களுக்கு நட்சத்திரம் போடும் இணையதளம் ஒன்றில் என் புத்தகத்துக்கு முதல் மதிப்புரை வந்தது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். பெருந்துறை தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பிரதீப் என்ற பையன் எழுதியிருந்தார். ‘உண்மையான புத்தகம், ஆனால் எண்கள் அதிகம்; முப்பத்தொன்றாம் பக்கத்தில் மட்டும் பதினேழு எண்கள்’ என்று இருந்தது. மூன்று நட்சத்திரம் எனக்குச் சரியாகத்தான் பட்டது. பதினேழுதான் உறுத்தியது. பக்கத்தை எடுத்து எண்ணினேன். பத்தொன்பது. இரண்டு தடவை எண்ணிவிட்டு, மதிப்புரைக்குக் கீழே “பத்தொன்பது எண்கள் உள்ளன. நன்றி” என்று எழுதினேன்.

அன்றே அவரிடமிருந்து நீளமாக மன்னிப்புக் கேட்டுச் செய்தி. மூன்று நட்சத்திரத்தை ஐந்தாக மாற்றியிருந்தார். பழையபடி மூன்றே போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் மாற்றினார்; ஆனால் அன்று அவர் சொன்னதற்குப் பிறகு, எந்த மதிப்புரைக்குக் கீழேயும் நான் ஒரு எழுத்து எழுதியதில்லை.

“எழுதினவங்களே வந்து பக்கத்துல நின்னா, நாங்க உள்ளதைச் சொல்றது எப்படிங்கம்மா?”

படம் இல்லாத வாசகி

முகநூலில் இன்னொரு குழு, பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல். அங்கே என் புத்தகத்தைப் பற்றி யாரோ எழுதியதற்குக் கீழே, முகப்படம் இல்லாத ஒரு பெண் பெயரில் இரண்டு வரி இருந்தது. “ஏழாம் மெஷின்காரியை நினைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கம்பெனியில் நீல டிரம்மில் வரும் டீ வாசம்கூட ஞாபகம் வந்தது.” கம்பெனி டீ நீல டிரம்மில்தான் வரும். ஆனால் அது புத்தகத்தில் எங்கும் இல்லை.

ஒன்பது நாள் அந்தப் பெயரையே திறந்து திறந்து பார்த்தேன். “நீங்கள் எந்த ஊருங்க?” என்று பதினோரு தடவை எழுதி அழித்து, பன்னிரண்டாவது தடவை அனுப்பினேன். பதில் இல்லை. பத்தாம் நாள் காலை, சாப்பிடாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்த என் முன்னால் கவிதா வந்து நின்றாள். அது அவள்தான். எனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று புதுப் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி எழுதியிருக்கிறாள். நீல டிரம் கதையை எப்போதோ சமையல்கட்டில் நானேதான் அவளிடம் சொன்னேனாம்.

அவளைத் திட்டவில்லை. அந்தக் கணக்கை எடுத்துவிடச் சொன்னேன். இல்லாத ஒரு வாசகியைக் கணக்கில் காட்ட எனக்கு மனம் வராது. ஒன்பது நாளாக யாருக்குக் காத்திருந்தேன் என்பதையும் சொன்னேன். வீட்டில் யாரிடமும் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த அத்தியாயத்தை மூன்று தடவை படித்திருந்த கவிதா, கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

“அப்ப அது கதையில்லைங்களா, அத்தை?”

மைக்

ஒரு ஞாயிறு பதினோரு மணிக்கு இணையவழியில் என் புத்தகத்தைப் பற்றிப் பேசக் கூட்டம் வைத்தார் செந்தில். வந்தவர்கள் பன்னிரண்டு பேர். கட்டம் கட்டமாகப் பன்னிரண்டு முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. “அம்மா, இப்ப நீங்க பேசுங்க” என்றார்கள். சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். வாய் திறக்கவில்லை. “அம்மா, மைக்கைப் போடுங்க” என்றார் ஒருவர். “கீழ இருக்கற பட்டனை அமுத்துங்க” என்றார் இன்னொருவர். “ஒரு தடவை வெளிய போயிட்டுத் திரும்ப வாங்க” என்றார் மூன்றாமவர். நான் வெளியே போய்த் திரும்பி வந்தேன். ஆறு நிமிடம் இப்படியே போனது. கவிதா எட்டிப் பார்த்துவிட்டு, என் தோளுக்குப் பின்னாலிருந்து எல்லாருக்கும் சொன்னாள்:

“மைக் நல்லாத்தான் இருக்குதுங்க. அத்தைக்குத்தான் பேச்சு வரலை.”

பத்துக்கு அப்புறம் பன்னிரண்டு

அந்தக் கூட்டத்தில் ரங்கசாமி என்ற பெரியவர் இருந்தார். உடுமலைப்பேட்டைக்காரர், தேங்காய் வியாபாரம். கண் அறுவை சிகிச்சை சரியாக அமையாமல் எழுத்துப் படிக்க முடியாது. “பேச வரலைன்னா போகுது அம்மணி, எழுதினதைப் படிச்சாவது அனுப்புங்க, நான் கேட்டுக்கறேன்” என்றார். வேறு ஊராக இருந்திருந்தால் நழுவியிருப்பேன். உடுமலை என்றதும் சரியென்று சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்து வீடு லேத் பட்டறை. ஒரு மணிக்கு மெஷினை நிறுத்தினால் ஒன்றரைக்குத்தான் போடுவார்கள். அந்த அரை மணி நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் படித்துக் குழுவில் போட்டேன். படிக்க முடியாதவருக்காக என்று செந்தில் ஐந்தாம் விதியைத் தளர்த்திக் கொடுத்திருந்தார். ஒவ்வொன்றின் முடிவிலும் பெயரையும், புத்தகத்துக்குக் கூப்பிட வேண்டிய எண்ணையும் சொல்ல வேண்டும் என்று கவிதா பழக்கியிருந்தாள். முகம் தெரியாமல் பேசுவது எனக்கு வந்தது.

பத்தாவது முடிந்ததும் பன்னிரண்டாவதைப் படித்தேன். பிறகு பதின்மூன்று, பதினான்கு. பதினோராம் அத்தியாயத்தை எழுத முடிந்த எனக்கு அதை வாயால் சொல்ல முடியவில்லை. எழுத்தில் ‘நான் சொல்லவில்லை’ என்பது ஒரு வரி. அதைச் சத்தமாகச் சொன்னால், சூப்பர்வைசர் அறை வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிய அன்றைக்கே போய்விடுகிறேன். யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். நாலாம் நாள் ரங்கசாமியிடமிருந்து குரல் பதிவு:

“எண்ணிக்கையில தப்பு விடமாட்டேன்னு மொத அத்தியாயத்துலயே சொன்னீங்களே அம்மணி, பத்துக்கு அப்புறம் பன்னெண்டு வருதுங்களே?”

இருபத்திரண்டு வினாடி

மூன்று மத்தியானம் ஆயிற்று. முதல் நாள் பாதியில் நிறுத்தினேன். இரண்டாம் நாள் முழுக்கப் படித்தேன். ஆனால் மீட்டர் பல் தேய்ந்த இடத்தை வேகமாகத் தாண்டியிருந்தேன், அழித்துவிட்டேன். மூன்றாம் நாள் நிதானமாகப் படித்து, முடிவில் புத்தகத்தில் இல்லாத ஒரு வரியும் சேர்த்தேன்: “இது கதை இல்லை, நடந்தது, சரிபார்த்தவள் நான்.” அனுப்பிவிட்டு, இந்தத் தடவை போனைக் கவிழ்த்து வைக்கவில்லை. அன்று ஒரு இதயமும் விழவில்லை. அதுவே, கேட்டிருக்கிறார்கள் என்பதற்கு அடையாளமாக எனக்குப் பட்டது. ரங்கசாமி மட்டும், தன் சொந்தபந்தத்துக்கும் தேங்காய்க் களத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் அனுப்பிவைக்கலாமா என்று கேட்டார். அனுப்புங்கள் என்றேன்.

எட்டாம் நாள் மத்தியானம் பட்டறை நின்றிருந்த நேரம். தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு, இருபத்திரண்டு வினாடி. முதல் வார்த்தையிலேயே யாரென்று தெரிந்துவிட்டது. ஆறு தடவை கேட்டேன். பிறகு ஒரு தாளை எடுத்து, அந்த நாளைய வைண்டிங் அறையை வரைந்தேன். வாசல், ஜன்னல், இந்தப் பக்கம் ஆறு மெஷின், அந்தப் பக்கம் ஆறு. ஒவ்வொன்றிலும் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பெயர் எழுதி, வாசலிலிருந்து எண்ணி வந்தேன். அப்புறம் கடைசி மெஷினிலிருந்து பன்னிரண்டு, பதினொன்று என்று பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். இரண்டு தடவையும் அவள் சொன்னதுதான் சரியாக இருந்தது. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அவள் அனுப்பியதை ஒரு சொல் மாற்றாமல் இங்கே எழுதுகிறேன்:

“ஏ மயிலு, நான் ருக்குமணி பேசறேன். களத்துல தேங்கா உரிக்கறவங்க போன்ல உன்ற குரல் ஓடீட்டு இருந்துச்சு, நின்னு கேட்டேன். அது ஏழாம் மெஷின் இல்ல புள்ள, ஒம்பது. மத்ததெல்லாம் செரி. நம்பரைத் திருத்திப்போட்டு எனக்கொரு புஸ்தகம் அனுப்பு.”

மீதமிருந்த இருநூற்று ஒன்பது பிரதிகளிலும், ஒரு பிரதிக்குப் பதினான்கு இடமாக, ஏழை அடித்து ஒன்பது என்று என் கையாலேயே திருத்தி முதல் பிரதியை உடுமலைக்கு அனுப்பிவிட்டேன். குழுக்களில் பார்த்து ஏற்கெனவே வாங்கிய தொண்ணூற்றொரு பேரும் சிரமம் பார்க்காமல் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.